அம்மாவுக்கு வந்த மலேரியா பிள்ளைக்குத் தடுப்பூசி ஆகுமா?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட 31 வயது வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. கணவரின் வேலைக்காக, ஃபால்சிபாரம் வகை மலேரியா ஆண்டு முழுவதும் பரவும் ஒரு நாட்டில் வசிக்கிறார். தலைப்பிரசவமும் அங்கேதான். அப்போது ஆறாம் மாதத்தில் மலேரியா வந்து மாத்திரையில் குணமானது. 38 வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை 2.1 கிலோ. அதன்பின் இரண்டரை ஆண்டுகள் மலேரியா இல்லாத இடத்தில் இருந்துவிட்டு, மூன்று வயது மகளுடன் இப்போது திரும்பியிருக்கிறார். 22 வாரக் கர்ப்பம்.

ஹீமோகுளோபின் 8.9. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை தெரிந்திருக்கிறது. சென்ற வாரம் இரண்டு நாள் லேசான காய்ச்சல் அடித்தது. ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ், காய்ச்சலும் தானாக விட்டது. மருத்துவமனையில் மலேரியாத் தடுப்புக்காக சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரை மூன்றை ஒரே தடவையில் விழுங்க வைத்தார்கள். தினமும் 5 மி.கி. ஃபோலிக் அமிலம் எடுக்கிறார். "இரும்புச்சத்து மலேரியாக் கிருமிக்குத் தீனி" என்று படித்ததால் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். பூச்சி மாத்திரை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.

அவர் கேட்பதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "ஒரு தடவை வந்துவிட்டதால் உடம்பு பழகியிருக்கும், இந்தப் பிரசவத்தில் பயமில்லை என்கிறார் மாமியார். லேசாக வந்து போனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் எதிர்ப்புச் சக்தி கிடைக்கும், தடுப்பூசி மாதிரிதான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. குடலில் புழு இருந்தால் மலேரியா கடுமையாக வராது, புழுவைக் கொன்றால் குழந்தைக்கு அலர்ஜி வரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் டாக்ஸோபிளாஸ்மா பரிசோதனையிலும் ஐஜிஜி பாசிட்டிவ். அது நல்லதுதான் என்றார் டாக்டர். அது நல்லதென்றால் மலேரியா வந்திருந்ததும் நல்லதுதானே? பிறக்கப்போகும் குழந்தையையும் மகளையும் எப்படிக் காப்பது? தாய்ப்பால் குழந்தையைக் காக்குமா? நான் இங்கே இருக்கலாமா, கிளம்பிவிடட்டுமா?"

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேள்விப்பட்ட எதுவும் முழுப் பொய் இல்லை. எல்லாமே அரை உண்மை, அதனால்தான் குழப்பம் தீரவில்லை. முதலில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை முடித்துவிடுகிறேன், அது எளிது. நீடித்து நிற்கும் ஆன்டிபாடியான ஐஜிஜி பாசிட்டிவ், புதுத் தொற்றில் முதலில் எழும் ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோன தொற்று. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளோ எச்.ஐ.வி. போன்ற நோயோ இல்லாதவரை, அந்தப் பழைய தொற்று கருவிலுள்ள குழந்தைக்குப் போவது மிக மிக அரிது. முதல் தடவை தொற்றுவது கர்ப்ப காலத்தில் நடந்தால்தான் கவலை. உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஆனால் அந்தக் கணக்கை அப்படியே மலேரியாவுக்குப் போடக் கூடாது. இரண்டும் ஒட்டுண்ணிதான், இரண்டும் ரத்தத்தில் ஆன்டிபாடியை விட்டுச்செல்பவைதான். ஆனால் டாக்ஸோபிளாஸ்மாவிடம் உடல் ஒரு தடவை கற்ற பாடம் ஆயுளுக்கும் நிற்கிறது. மலேரியாவிடம் அப்படி நிற்பதில்லை.

உங்கள் உடம்பு கற்றதும் கற்காததும்

மாமியார் சொல்வதற்கு நூறு வருட மருத்துவச் சரித்திரமே சாட்சி. 1900-ஐ ஒட்டி ஜாவாவிலும் நியூகினியிலும் ரத்தம் சோதித்த ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக், மலேரியா ஓயாத ஊர்களில் சிறு குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி நிறைந்திருப்பதையும் பெரியவர்களிடம் அது குறைவாக இருப்பதையும் கவனித்தார். 1961-இல் காம்பியாவில், பெரியவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த ஐஜிஜி ஆன்டிபாடியை மலேரியாக் குழந்தைகளுக்குச் செலுத்தியபோது கிருமி எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. ஆகவே உடம்பு பழகும் என்பது நிஜம்.

ஆனால் எப்படிப் பழகுகிறது என்று பாருங்கள். ஃபால்சிபாரம் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, அணுவின் மேல்தோலில் ஒரு புரதத்தை நீட்டுகிறது. அதைக் கொக்கியாகப் பிடித்துக்கொண்டு ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால்தான் மண்ணீரலின் வடிகட்டலில் மாட்டாமல் தப்பலாம். இந்தக் கொக்கிக்கு ஒவ்வொரு கிருமியிடமும் ஏறக்குறைய 60 மரபணு வேஷங்கள் உண்டு. உடம்பு ஒன்றை அடையாளம் கண்டு ஆன்டிபாடி செய்வதற்குள் கிருமி அடுத்ததைப் போட்டுக்கொள்கிறது. ஓயாமல் கடி வாங்கும் ஊரில், பல ஆண்டுகளில் பெரும்பாலான வேஷங்கள் பழகிவிடுகின்றன. அதன் பிறகும் கிருமி உடலில் நுழையும், ஆனால் ஆளைப் படுக்கவைக்காது. ஊரைவிட்டு வெளியே போய் ஓரிரு ஆண்டுகள் இருந்தால் இந்தப் பழக்கமும் தேயத் தொடங்கும்.

கர்ப்பத்தில் கதை வேறு திசையில் போகிறது. நஞ்சுக்கொடி என்பது உடம்பில் புதிதாக முளைத்த உறுப்பு. அதன் உட்புறத்தில் காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்-ஏ என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. கிருமியின் 60 வேஷங்களில் ஒன்று, வார்2சிஎஸ்ஏ என்ற புரதம், அச்சாக இதைப் பிடிக்கவே அமைந்தது. நஞ்சுக்கொடியில் தங்கும் கிருமிகள் இந்தச் சங்கிலியைத்தான் பற்றுகின்றன என்பது 1996-இல் தெரியவந்தது. கர்ப்பமே ஆகாத பெண்ணின் உடம்பு இந்த வேஷத்தை எதிர்கொள்ள வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆண்களுக்கும் அதே கதைதான். அதனால்தான் இருபது வருடமாக மலேரியாவுக்கு அசராத பெண்கூட தலைப்பிரசவத்தில் மாட்டிக்கொள்கிறாள். அடுத்தடுத்த கர்ப்பங்களில் வார்2சிஎஸ்ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி சேரச் சேர ஆபத்து இறங்குகிறது. மாமியார் தன் கண்ணால் பார்த்ததும் இதுவாகவே இருக்கலாம்.

உங்கள் நிலைமை அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுடையது அல்ல. உங்களுக்கு வந்தது ஒரே ஒரு தொற்று. அதுவும் மருந்தில் அடக்கப்பட்டது, பிறகு இரண்டரை ஆண்டு இடைவெளி. கொஞ்சம் நினைவு மிச்சம் இருக்கலாம். ஆனால் எவ்வளவு மிச்சம், அது போதுமா என்று சொல்லும் பரிசோதனை எந்த மருத்துவமனையிலும் இல்லை. இல்லை என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. முதல் குழந்தை 2.1 கிலோவில் பிறந்ததை மறந்துவிடாதீர்கள். 38 வாரத்துக்கு அது குறைந்த எடை. மலேரியாதான் காரணம் என்று இப்போது நிரூபிக்க முடியாது, ஆனால் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. நஞ்சுக்கொடியில் கிருமி தங்கியதும் தாயின் வெள்ளணுக்கள் அங்கே திரளும், அழற்சி உண்டாகும். சத்து கடந்துபோகும் வழி அதில் அடைபடுகிறது. குழந்தையின் எடையைத் தின்பதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, அதைத் துரத்தவந்த நம் படைக்கும் அவ்வளவு பங்கு.

நெகட்டிவ் வந்த அந்த டெஸ்ட்

கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி இதுதான், நீங்களோ போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பிணிக்கு நஞ்சுக்கொடி நிறையக் கிருமி இருக்கும்போதும் விரலில் குத்தி எடுத்த சொட்டில் ஒன்றுகூடத் தெரியாமல் போகலாம். கிருமிதான் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதே. பல ரேபிட் டெஸ்டுகள் தேடும் எச்ஆர்பி2 என்ற புரதத்துக்கான மரபணுவே இல்லாத கிருமி வகைகளும் சில நாடுகளில் பரவிவிட்டன. ஆகவே ஒரு நெகட்டிவை வைத்துக் கதையை மூடாதீர்கள். இனிமேல் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரேபிட் டெஸ்டோடு ரத்தத் தடவலையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் வந்தாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சென்ற வாரக் காய்ச்சலையும் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு வசதி இருந்தால் ஒருமுறை பார்த்துவிடலாம். குழந்தையின் வளர்ச்சிக்கு ஒரு ஸ்கேன் வேண்டும், நான்கைந்து வாரத்தில் அதையே திரும்பவும் பார்க்க வேண்டும்.

மலேரியா உறுதியானால் மருந்துக்குத் தயங்க வேண்டாம். ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் உங்கள் மாதத்தில் தாராளமாகத் தரப்படுபவை. முதல் மூன்று மாதத்துக்கே ஆர்ட்டிமீத்தர்-லூமெஃபான்ட்ரின் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது. மருந்துக்குப் பயந்து மலேரியாவை வைத்துக்கொண்டிருப்பதுதான் குழந்தைக்கு ஆபத்து.

"லேசாக வந்தால் தடுப்பூசி மாதிரி" என்ற பேச்சு

பக்கத்து வீட்டு அக்காவோடு நான் ஒத்துப்போகவே முடியாத இடம் இது. தடுப்பூசியில் போவது கிருமியின் ஒரு துண்டு, அளந்த அளவில், பிறந்து வளர்ந்த குழந்தைக்கு. நஞ்சுக்கொடி மலேரியாவில் கருவுக்குப் போய்ச் சேர்வதோ, இன்னும் நண்பன் யார் பகைவன் யார் என்று பிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு நோய்த்தடுப்பு மண்டலத்தின் முன்னால் கொட்டப்படும் கிருமிக் கழிவு. அந்தப் பருவத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதை "நம்முடையது" என்று உடம்பு எடுத்துக்கொள்ளலாம். சகிப்பு என்று இதைச் சொல்கிறோம். கென்யாவில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, கருவில் மலேரியாவைச் சந்தித்த குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் இத்தகைய மந்தநிலையைக் கண்டது. பிற்பாடு மலேரியா தொற்றியதும் அவர்களுக்கே அதிகம். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்குக் கருவிலேயே நல்ல எதிர்ப்பும் உருவாகிறது. உங்கள் குழந்தை எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

தாயிடமிருந்து குழந்தைக்கு உண்மையிலேயே போகும் எதிர்ப்பு வேறு வழியாகப் போகிறது. உங்கள் ஐஜிஜி ஆன்டிபாடிகளை நஞ்சுக்கொடி தேடிப்பிடித்துக் குழந்தைக்கு ஏற்றிவிடுகிறது. இதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் நடக்கும். பிறந்து ஆறு மாதம்வரை குழந்தைக்குக் கடும் மலேரியா அரிதாக வருவதற்கு இதுவும், கருப்பருவ ஹீமோகுளோபினும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. நஞ்சுக்கொடியே மலேரியாவால் பழுதானால் இந்த ஏற்றுமதியும் கெடும். தட்டம்மை ஆன்டிபாடி அப்படிக் குறைவாகப் போய்ச் சேர்வதை காம்பியாவில் கண்டிருக்கிறார்கள். மலேரியாவைப் பயிற்சியாக நினைத்து விட்டுவைத்தால், நீங்கள் தரவேண்டிய மற்ற நோய்களுக்கான எதிர்ப்பும் பாதி வழியில் நின்றுபோகும்.

தாய்ப்பாலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சீம்பாலிலும் பாலிலும் உள்ள ஐஜிஏ ஆன்டிபாடி குழந்தையின் குடலைக் காக்கிறது. வயிற்றுப்போக்கைக் குறைப்பதோடு ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகளுக்கு எதிராகவும் துணை நிற்கிறது. கொசு நேராக ரத்தத்தில் ஏற்றும் கிருமியை அதனால் தடுக்க முடியாது. நீங்கள் எடுக்கும் மலேரியா மாத்திரை பாலில் கலந்து குழந்தையைக் காக்கும் என்றும் நம்பவேண்டாம், அவ்வளவு அளவு போவதில்லை.

அலமாரியில் இருக்கும் மாத்திரையும், நிறுத்திய மாத்திரையும்

நீங்கள் படித்த கட்டுரை காற்றில் எழுதப்பட்டதல்ல. குடற்புழு பல ஆண்டு நம் உடம்பில் குடியிருக்க வேண்டும், அதற்காக நம் எதிர்ப்பைச் சாந்தப்படுத்தும் அணுக்களையும் வேதிப்பொருட்களையும் தூண்டிவிடுகிறது. தாய்லாந்தில் சில ஆய்வுகள் உருண்டைப்புழு உள்ளவர்களிடம் மூளை மலேரியா குறைவாக இருப்பதைக் கண்டன. வேறிடங்களில் கொக்கிப்புழு உள்ளவர்களுக்கே மலேரியா அதிகம் என்று நேர்மாறான முடிவும் வந்தது. அலர்ஜி விஷயமும் அப்படித்தான். உகாண்டாவின் என்டெபேயில் 2,500க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடத்திய ஆய்வில், அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தோல் கரப்பான் அதிகம் வந்தது நிஜம். பூச்சி மருந்து தந்ததால் குழந்தைக்குத் தடுப்பூசி நன்றாக வேலை செய்யும் என்ற எதிர்பார்ப்பும் அங்கே பலிக்கவில்லை.

அப்படியானால் உங்கள் டாக்டர் ஏன் கொடுத்தார்? அதே ஆய்வில், கொக்கிப்புழு ஓரளவுக்கு மேல் இருந்த தாய்மார்களுக்கு ரத்தசோகையில் பலன் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி நாள்தோறும் ரத்தம் குடிக்கும். உங்கள் 8.9-இல் அதற்குப் பங்கு இருக்கவே வாய்ப்பு அதிகம். ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கசிந்தாலே உயிராபத்து. ஒரு தட்டில் குழந்தைக்கு வரக்கூடிய, களிம்பில் அடங்கக்கூடிய கரப்பான், மறுதட்டில் இது. முதல் மூன்று மாதம் தாண்டிய கர்ப்பிணிக்கு அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நீங்கள் 22 வாரம். மாத்திரையைப் பிரியுங்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு மண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து ஏறுவது, ஆகவே வெளியே செருப்பில்லாமல் நடக்காதீர்கள். மகளுக்கும் மலம் பார்த்து மருந்து கொடுங்கள்.

இரும்புச்சத்தைத் திரும்பத் தொடங்குங்கள். அந்தப் பயத்துக்கும் ஒரு வேர் உண்டு. தான்சானியாவின் பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு, மருத்துவமனைச் சேர்க்கையும் மரணமும் கூடியதாக 2006-இல் அறிவித்தது. ஆனால் கர்ப்பிணிகளை வைத்துக் கென்யாவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில் இரும்பால் மலேரியா கூடவில்லை, குழந்தைகளின் பிறப்பு எடை சராசரி 150 கிராம் கூடியது. மலேரியாத் தடுப்போடு சேர்த்து இரும்பு எடுப்பதே சரி.

ஃபோலிக் அமிலத்தில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது, அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்கள் விழுங்கிய மூன்று மாத்திரையும் கிருமி தனக்குத் தேவையான ஃபோலேட்டைத் தயாரிக்கவிடாமல் கொல்பவை. நாள்தோறும் 5 மி.கி. ஃபோலிக் அமிலம் எடுப்பது, கிருமியைப் பட்டினி போட்டுக்கொண்டே பின்வாசல் வழியாகச் சோறு அனுப்புவது போல. 0.4 மி.கி. போதும், அதனால் மருந்து கெடாது. குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான நாலு வாரத்துக்குள் மூடிவிடும் என்பதால், அதற்கான உயர் அளவுக்கு இப்போது வேலையும் இல்லை. வலிப்பு மருந்து போன்ற வேறு காரணத்துக்காக எழுதியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு மாற்றுங்கள். அந்த மூன்று மாத்திரைத் தவணை ஒரு மாத இடைவெளியில் குறைந்தது மூன்று தடவையாவது வர வேண்டும். அடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவராக இருந்தால் இது சேரக் கூடாது, முன்பே சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு

கடிதத்தில் உங்களைப் பற்றி முழுப் பக்கம், மகளைப் பற்றி நாலு வரி. எனக்கு அவளைப் பற்றியே கவலை கூடுதல். உங்களிடமிருந்து அவளுக்கு வந்த ஆன்டிபாடி முதல் ஆண்டிலேயே கரைந்துபோயிருக்கும். அதன்பின் மலேரியாவே பார்க்காமல் வளர்ந்திருக்கிறாள். ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள்வரை பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம், அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். வலிப்பு, அசாதாரணத் தூக்கம், வேக மூச்சு, எதையும் குடிக்க முடியாமை, இதில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்கு.

தடுப்பூசி இருக்கிறது. ஆர்டிஎஸ்,எஸ்-ஐ 2021-லும் ஆர்21-ஐ 2023-லும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு எதிரானவை, நாலு தவணை. ஐந்து மாதத்தை ஒட்டிய குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். உங்கள் மகளின் வயதுக்குத் தருகிறார்களா என்று அங்குள்ள சுகாதார மையத்தில் கேளுங்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஐந்தாம் மாதத்தில் மறக்காமல் போடுங்கள். போட்டாலும் பாதுகாப்பு முழுமையல்ல, வலை கட்டாயம். கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி, அதே வார்2சிஎஸ்ஏ-வைக் குறிவைத்து, மனிதர்களிடம் ஆரம்பக்கட்டச் சோதனை கண்டிருக்கிறது. இந்தப் பிரசவத்துக்கு அது கைக்கு வராது.

இருப்பதா, கிளம்புவதா

மலேரியா இல்லாத இடத்தில் பிரசவம் பார்க்க வசதியும், மகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் கிளம்புவது நல்லது என்பேன். எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணிக்குக் கடும் மலேரியாவில் ரத்தச் சர்க்கரை விழுவது, நுரையீரலில் நீர் கோப்பது எல்லாம் வேகமாக நடக்கும். ஒற்றைக் கரு, வேறு சிக்கல் இல்லை என்றால் 36 வாரம்வரை பெரும்பாலும் விமானத்தில் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் ரத்தசோகையைச் சரிக்கட்டிவிட்டு, 28 வாரத்தை ஒட்டிப் போவதே வசதி. போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: உங்களுடன் கிருமியும் விமானம் ஏறலாம். திரும்பி ஓராண்டுக்குள் வரும் எந்தக் காய்ச்சலுக்கும் "நான் மலேரியா நாட்டிலிருந்து வந்திருக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மலேரியா பார்த்தே பழகாத டாக்டருக்கு அது தானாகத் தோன்றாது.

கணவரை விட்டுப் போக முடியாது என்றால் அங்கேயே இருப்பதும் முட்டாள்தனமில்லை. மருந்து தோய்த்த வலைக்குள் அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை நீங்களும் மகளும் இருங்கள், வெளியே வந்தால் டீட் கலந்த கொசுவிரட்டிப் பூச்சைத் தோலில் தடவுங்கள், கர்ப்பத்தில் அது தடையில்லை. மாதாமாத மாத்திரை மட்டும் உங்களைப்போல எதிர்ப்பு இல்லாதவருக்குப் போதுமா, அதற்குப் பதில் வாரம் ஒருமுறை மெஃப்லோகுயின் தகுமா என்று டாக்டரிடம் நேருக்கு நேர் கேளுங்கள். மனச்சோர்வோ வலிப்போ முன்பு இருந்திருந்தால் மெஃப்லோகுயின் கூடாது. இன்னொரு தடுப்பு மருந்தான டாக்ஸிசைக்ளின் கர்ப்பத்தில் வேண்டாம்.

எங்கே பிரசவமானாலும் நஞ்சுக்கொடியைத் தூக்கிப்போடுவதற்கு முன் ஒரு துண்டை மலேரியாப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், பிரசவத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்துவிடுங்கள். அதில் கிருமி தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டும். பிறந்த முதல் சில வாரங்களில் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பு, மஞ்சள், வெளிறல் எது வந்தாலும், மற்றப் பரிசோதனைகளோடு குழந்தையின் ரத்தத்திலும் மலேரியா பார்க்கச் சொல்லுங்கள். அந்த வயதில் கிருமி உங்களிடமிருந்தே போயிருக்கலாம், குழந்தையைக் கொசு கடித்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.